குழாய்த் தீர்த்தம்

அப்பாசாமி மளிகைக் கடையில் பச்சைக் கற்பூரம் தீர்ந்துபோனதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் அது செய்திதான். மாசத்துக்கு ஒரு டப்பா விற்றாலே பெரிது. அதையும் கோமளம் மாமிதான் வாங்குவாள், கோயில் தீர்த்தப் பொடிக்கு. அப்படிப்பட்ட சரக்கு, இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் ஆடி மாசக் கடைசியில், கடை திறந்து சாம்பிராணி காட்டி முடிப்பதற்குள் காலியாகிவிட்டது.

"இன்னா மாமி, நீங்களும் அதுக்குத்தானா?" என்றார் அப்பாசாமி. "காலீலருந்து அத்தயே கேட்டுகினு வர்றாங்க. ஏலக்கா நேத்தே பூட்ச்சி. லவங்கம் டப்பா அடியில ஒரு கை கீது, வேணும்னா எடுத்துக்குங்க. டெட்டாலு இல்ல, தைலம் இல்ல. செங்கல்பட்டு மொத்தக் கடைக்குப் போனா, அவன் ஷட்டரப் பாதி எறக்கி வுட்டுகினு, நாளிக்கி வா அண்ணாத்தன்றான். ஒரே பேஜாரு."

"கோயிலுக்கு அப்பாசாமி. எனக்கா கேக்கறேன்?"

"அல்லாரும் கோயிலுக்குன்னுதான் சொல்லிகினு கீறாங்க."

பன்றிக் காய்ச்சல் வந்த புதிது அது. பூனாவில் சாவு விழுந்தது என்று டி.வி.யில் சொன்ன மறுநாளே சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் பக்கத்து மருந்துக்கடைகளில் மாஸ்க் இல்லை. கைக்குட்டை கட்டினார்கள், துப்பட்டா கட்டினார்கள், ஒரு மகானுபாவர் குழந்தையின் ஜட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலில் போனதாகவும் பேச்சு. தொழிற்பேட்டைக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் ஒருவன் இருமினான் என்று பாதி வழியில் இறக்கிவிட்டார்கள். பாவம், அவன் பொரி தின்று புரையேறினவன். எங்கள் ஊரில் எவனுக்கும் பன்றிக் காய்ச்சல் வரவில்லை. ஆனால் புத்தி மட்டும் எல்லோருக்கும் ஒரே நாளில் கெட்டுப்போயிற்று.

இதில் கோயிலை இழுத்துவிட்டவர் சிவராம். செங்கல்பட்டில் வங்கி மேனேஜர். எங்கள் கோயில் கமிட்டியில் அவர் சொன்னதுதான் சட்டம். மெட்ராஸிலிருந்து இரண்டு பெட்டி மாஸ்க் வரவழைத்து பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டவர், ஊருக்குத் தீர்த்தத்தைக் கைகாட்டினார். ஒரு சனிக்கிழமை சன்னிதியில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பூனாவுல ஜனங்க பச்சைக் கற்பூரத்தையும் ஏலக்காயையும் துணியில முடிஞ்சு மோந்துண்டு அலையறா. கிருமி கிட்டவே வராதாம். நம்ம பெருமாள் தீர்த்தத்துல இல்லாததா? அதுவும் ஆராவமுது கையால வாங்கினா அம்ருதம்!"

ஆராவமுதன் கூச்சத்தில் நெளிந்தார். பட்டருக்கு ஒத்தாசையாகக் கிணற்றில் தண்ணீர் இறைப்பதும், சேவிக்க வருகிறவர்களுக்குத் தீர்த்தம் கொடுத்துச் சடாரி வைப்பதும் அவர் கைங்கர்யம். அதில் சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. பெண் மதுவந்தி நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போய் வருவதால் வீட்டில் உலை கொதித்தது. ஆனால் அந்த வெள்ளி வட்டிலையும் உத்தரணிக் கரண்டியையும் கையில் எடுத்துவிட்டால் மனுஷர் முகமே வேறு. நீட்டின உள்ளங்கையில் மூன்று தடவை, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் விடுவார். கலெக்டர் வந்தாலும் அதே அளவு, துளசி விற்கிற செங்கம்மாள் வந்தாலும் அதே அளவு. அந்த வட்டில்தான் அவர் ஆஸ்தி, அந்தஸ்து எல்லாம். அதை வாங்கிவிட்டால் ஆராவமுதன் என்று ஒரு ஆள் கிடையாது. இது அவர் மனைவி கோமளத்துக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

மறுநாளிலிருந்து கோயிலில் நிற்க இடமில்லை. உள்ளங்கையை நீட்டுகிறவர்கள் போய் பாட்டிலை நீட்டுகிறவர்கள் வந்தார்கள். குளிர்பான பாட்டில், மினரல் வாட்டர் பாட்டில், ஒரு வீட்டிலிருந்து குடமே வந்தது. வரிசையில் சண்டை. "இந்தாம்மா, உனுக்கு எத்தினி பாட்டிலு? வூட்ல இன்னா கல்யாணமா?" என்று ஒருத்தி கத்த, "எங்க வூட்ல ஏழு பேரு, நீ யாரு கேக்க?" என்று மற்றவள் பாய்ந்தாள். செங்கம்மாள் துளசியை விரற்கடை அளவுக்குக் குறைத்து விலையை மட்டும் ஏற்றினாள். ஆராவமுதனுக்குத் தோள்பட்டை வீங்கிவிட்டது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. வெறிச்சென்று கிடந்த கோயில் அது. பெருமாளும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு காலம் தள்ளின கோயில்.

"கோமளம், இன்னிக்கு எத்தனை ஜனம் தெரியுமோ! பெருமாள் முகத்துல ஒரு சிரிப்பு!"

"இருக்கும் இருக்கும். எனக்குக் கை விட்டுப்போறது," என்று கோமளம் உலக்கையைக் கீழே வைத்தாள். கடையில் கிடைக்காததை அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கி, மதுவின் கல்யாணத்துக்கு என்று சேர்த்து வைத்திருந்த ஏலக்காயையும் எடுத்து இடித்துக்கொண்டிருந்தாள். நான்கு வீடு தள்ளி இருந்த சிவராமின் மனைவி வசுமதி ஒரு டப்பா பச்சைக் கற்பூரம் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு பேரும் ஒரே வருஷம் இந்தத் தெருவுக்கு வாழ வந்தவர்கள். ஒருத்தி வீட்டுத் தயிர் இன்னொருத்தி வீட்டுக்கு உறை போகும்.

அந்த வாரமே மதுவந்தி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, செருப்பைக்கூட நேராக விடாமல் சுவரில் சாய்ந்தாள்.

"அம்மா, உடம்பெல்லாம் முறிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

கோமளம் நெற்றியைத் தொட்டாள். அனலாய்க் கொதித்தது. அப்பா கோயிலில் சாயங்காலக் கூட்டத்துக்கு நடுவில் இருந்தார். கோமளம் ஒரு நிமிஷம் தெருவை எட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"பின்கட்டு ரூமுக்குப் போய் உக்காந்துக்கோ. யார் கேட்டாலும் ஆத்துல இல்லைன்னு நான் சொல்லிக்கறேன்."

கோயில் தளிகையில், அதாவது பெருமாளுக்கான சமையலில், கைவைக்கிற வீடு அது. அதனால் மாசத்தில் மூன்று நாள் பெண்கள் பின்கட்டில் ஒதுங்கி உட்காருகிற வழக்கம் அங்கே இன்னும் இருந்தது. 'ஆத்துல இல்லை' என்றால் அதுதான் அர்த்தம். நாவலூரில் லிப்டில் ஏறி எட்டாவது மாடியில் ஏசியில் உட்காருகிற மதுவும், அந்த மூன்று நாளும் வீட்டுக்கு வந்தால் தனிப் பாய், தனித் தட்டு. அதற்காக அம்மாவோடு அவள் போடாத சண்டையில்லை.

"அம்மா, உனக்கென்ன பைத்தியமா? எனக்கு இப்போதானே ஆச்சு!"

"உங்கப்பாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது."

"அப்பாகிட்டயுமா பொய் சொல்லப் போறே? ஜுரம்னு சொல்லிட்டு டாக்டர்கிட்ட போலாம்மா."

"காலம்பற ஆட்டோ வெச்சுண்டு செங்கல்பட்டுல டாக்டர்கிட்ட காட்டறேன், மாத்திரை வாங்கறேன், எல்லாம் பண்றேன். அப்பாகிட்ட மட்டும் வாயைத் திறக்காதே. தெரிஞ்சா அந்த நிமிஷமே வட்டிலைக் கீழ வெச்சுடுவார். கூட்டத்துல நின்னு 'எங்காத்துல ஜுரம்'னு அவரே சொல்லுவார். ஒரு தடவை கீழ வெச்சா திரும்பி அவர் கைக்கு வருமாடி? இவ்வளவு வருஷம் கழிச்சு இப்போதான் மனுஷர் சிரிக்கிறார்."

வழக்கம் கைகொடுத்தது. ஆராவமுதன் பின்கட்டுப் பக்கமே போகவில்லை. கோமளமும் கஞ்சியையும் மாத்திரையையும் வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். ஜுரக்காரிக்குத் தனி அறை, தனிப் பாத்திரம், யாரும் தொடுவதில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் செய்கிறதும் அதுதானே. செங்கல்பட்டு டாக்டரும், சாதாரண ஜுரமாய்த்தான் தெரிகிறது, நாலு நாள் தனியாய் இருக்கட்டும் என்றுதான் சொன்னார். எல்லாவற்றையும் சரியாகச் செய்த கோமளம் ஒன்றை மறந்துவிட்டாள். ஆம்பிளைகளுக்குத்தான் கணக்குத் தெரியாது. தெருப் பெண்களுக்குத் தெரியும்.

வசுமதி கறிவேப்பிலை பறிக்கக் கொல்லைப்பக்கமாக வந்தாள். பின்கட்டு ஜன்னலில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த மதுவைப் பார்த்தாள்.

"ஏண்டி கோமளம், மது உக்காந்திருக்கா?"

"ஆமாண்டி."

"போன வாரம்தானே தலைக்கு விட்டுண்டு எங்காத்துக்கு வெண்ணெய் வாங்க வந்தா? ஈரத் தலையைத் துவட்டிக்கோடின்னு நான்தானே சொன்னேன்?"

கோமளம் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். ஏதாவது சொல்லியிருக்கலாம். பெண்களுக்கு முன்னே பின்னே ஆகாதா என்ன? ஆனால் இரண்டு நாளாய் ஒருத்தரிடமும் சொல்லாமல் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது. எதிரில் நின்றவள் வசுமதி. கோமளம் அழுதுவிட்டாள்.

"ஜுரம்டி வசு. டாக்டர் பயப்பட ஒண்ணுமில்லைன்னுட்டார். இவருக்குக்கூடத் தெரியாது. வெளியில தெரிஞ்சா வட்டில் போயிடும்டி. நீ சொல்லிடாதே."

"சீ, அசடு! எதுக்கு அழறே? என்னை யாருன்னு நினைச்சே?" வசுமதி அவள் கண்ணைத் துடைத்தாள். தன் முந்தானையால் துடைத்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். "பெருமாள் சத்தியமா யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். மிளகு ரசம் வெச்சுக் குடு, சரியாயிடும்."

போகும்போது கறிவேப்பிலையை மறந்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை. சன்னிதியில் நெருக்கியடித்துக்கொண்டு ஜனம். ஆராவமுதன் வட்டிலோடு வெளியே வந்தார். வழக்கம்போல முதல் ஆள் சிவராம். முகத்தில் பச்சை மாஸ்க். ஆராவமுதன் உத்தரணியைத் தூக்கினார். சிவராம் கையை நீட்டவில்லை, பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆராவமுது, மதுவுக்கு எப்படி இருக்கு?"

"நன்னா இருக்காளே. ஆத்துல இல்லை, அவ்வளவுதான்."

"பெருமாள் முன்னாடி நின்னுண்டு பொய் சொல்லாதீங்கோ."

"பொய்யா? நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"அவளுக்கு ஜுரம். மூணு நாளா ஜுரம். பின்கட்டுல ஒளிச்சு வெச்சுண்டு, இங்க வந்து ஊருக்கெல்லாம் தீர்த்தம் குடுக்கறேள். இது அடுக்குமா? குழந்தைகள் வாங்கிக் குடிக்கறதே!"

ஆராவமுதன் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார், யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று. "யார் சொன்னா உங்களுக்கு?"

"உங்காத்துல சொல்லித்தான் எங்காத்துல சொல்றா. கோமளமே வசுமதிகிட்டச் சொல்லி அழுதிருக்கா. இல்லைன்னு பெருமாளைப் பார்த்துச் சொல்லுங்கோ."

ஆராவமுதன் பெருமாளைப் பார்க்கவில்லை. கையிலிருந்த வட்டிலைப் பார்த்தார். மூன்று நாளாய்ப் பின்கட்டு வாசலில் கஞ்சி போனது, கோமளம் தன் முகத்தைப் பார்த்துப் பேசாதது, எல்லாம் அந்த இடத்தில் அவருக்குப் புரிந்தது. தூக்கின உத்தரணியை வட்டிலுக்குள்ளேயே விட்டார்.

அதற்குள் கூட்டம் பின்னால் ஒதுங்கிவிட்டது. "அடப்பாவி, நேத்து என் புள்ளைக்கு ரெண்டு வாட்டி வாங்கி ஊத்தினனே!" என்று ஒருத்தி அலறினாள். "இன்னா ஐயிரே, சொல்லக் கூடாதா? எங்க உசுருன்னா அவ்ளோ எளக்காரமா?" என்றான் ஒருவன். அவன்தான் குடம் கொண்டுவந்தவன். ஆளாளுக்கு வெளியே ஓடி பாட்டிலைக் கவிழ்த்தார்கள். கோயில் வாசல் சாக்கடையில் ஏலக்காய் வாசனை அடித்தது.

"வட்டிலைக் கீழ வெச்சுடுங்கோ," என்றார் சிவராம்.

வைத்தார். அதை யாரும் கையால் எடுக்கவில்லை. பட்டர் ஒரு அண்டா வெந்நீர் கொண்டுவந்து தூரத்திலிருந்து அதன்மேல் ஊற்றினார்.

ஆராவமுதன் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார். கோமளம் அவர் முகத்தைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"மதுவுக்கு ஜுரமா?"

"ஆமா."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"உங்களுக்காகத்தான்னா. வட்டில் போயிடக் கூடாதுன்னு..."

"வட்டில் போனாப் போறது, கோமளம். நானே வெச்சுட்டு வந்திருப்பேன். அதுல ஒரு மரியாதை இருந்திருக்கும். ஊர் பயந்துது, சரி. சிவராம் காட்டிக்குடுத்தார், அதுவும் சரி. நீ என்னை நம்பலையே! பெருமாள் முன்னாடி என் வாயாலயே பொய் சொல்ல வெச்சுட்டியே!"

அவ்வளவுதான் பேசினார். பின்கட்டுக்குப் போய், வழக்கம் எதையும் பார்க்காமல் பெண்ணின் நெற்றியில் கையை வைத்தார். மது அழுதாள். "சொல்லிடலாம்னு சொன்னேம்ப்பா," என்றாள். அதுவும் கோமளம் காதில் விழுந்தது.

பகலில் சுகாதாரத் துறை வேன் வந்தது. முழுக்க மூடிக்கொண்ட இரண்டு பேர் மதுவின் தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துப்போனார்கள். தெருவே மொட்டை மாடியில் நின்று வேடிக்கை பார்த்தது. அதற்கப்புறம் பால் பாக்கெட்டைக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டுப் பால்காரன் ஓடினான். வசுமதி ஒருநாள் மிளகு ரசம் கொண்டுவந்து அதே சுவர்மேல் வைத்து, "கோமளம், வெச்சிருக்கேண்டி!" என்று குரல் கொடுத்துவிட்டு, கதவு திறப்பதற்குள் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். கோமளம் அந்த ரசத்தைச் செடிக்குக்கூட ஊற்றவில்லை. சாக்கடையில் கொட்டிப் பாத்திரத்தைச் சுவர்மேலேயே கவிழ்த்து வைத்தாள்.

பரிசோதனை முடிவு வந்தது. பன்றிக் காய்ச்சல் இல்லை. மழைக்கால ஜுரம், யாருக்கும் வருகிறதுதான். மது மறுபடி பஸ் ஏறினாள். அப்பாசாமி கடையில் பச்சைக் கற்பூரம் வந்து, வாங்க ஆளில்லாமல் தூசி படிந்தது. ஊரே எதுவும் நடக்காத மாதிரி நடந்துகொண்டது. செங்கம்மாள் ஒருத்திதான் வழியில் நிறுத்திப் பேசினாள்.

"நானும் அன்னிக்கி தண்ணிய கீழதான் ஊத்தினேன் மாமி. பயந்துகினேன். மன்சுல வெச்சிக்காத."

"அதையாவது வாய்விட்டுச் சொன்னியே," என்றாள் கோமளம்.

இனிமேல் வட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்றுதான் கோமளம் காத்திருந்தாள். புரட்டாசி பிறந்தது. முதல் சனிக்கிழமைக்கு முன்தினம் கோயிலுக்கு ஒரு ஆளுயர ஸ்டீல் டிரம் வந்து இறங்கியது. கீழே குழாய். பக்கத்தில் பேப்பர் கப் அடுக்கு. மேலே சிவப்பு எழுத்தில் 'தீர்த்தம். உபயம்: சிவராம் - வசுமதி தம்பதியர்.' இனிமேல் யார் கையும் படாது, சுத்தம், சுகாதாரம் என்று கமிட்டி தீர்மானம் போட்டுவிட்டதாம். வட்டில் உள்ளே பெட்டியில். ஆராவமுதன் தண்ணீர் இறைத்து டிரம்மை நிரப்பினால் போதும். அவரும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் வசுமதி வாசலில் வந்து நின்றாள். கவிழ்த்து வைத்த பாத்திரத்தைப் பார்த்தும் பார்க்காத மாதிரி.

"கோமளம், எங்கிட்ட பேசவே மாட்டியாடி? நான் யார்கிட்டடி சொன்னேன்? எங்காத்துக்காரர்கிட்ட மட்டும்தான். அவர் இப்படிப் பண்ணுவார்னு நான் கண்டேனா? புருஷன்கிட்ட மறைக்க முடியுமோ, நீயே சொல்லு."

கோமளத்துக்குச் சுரீரென்றது. புருஷனிடம் மறைத்தவள் அவள்தானே.

"இப்போ என்ன வேணும்?"

"நாளைக்குக் கூட்டம் வரும். கடைப் பொடி போட்டுப் பார்த்தோம், வாசனையே வரலை. உன் பொடி கொஞ்சம்..."

கோமளம் வாயைத் திறப்பதற்குள் கூடத்திலிருந்து ஆராவமுதனின் குரல் வந்தது. "குடுத்துடு. பெருமாளுக்கு."

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளிடம் அவராகப் பேசின வார்த்தை. கோமளம் உள்ளே போய்ப் பொடி டப்பாவை எடுத்து வந்தாள். வசுமதி இரண்டு கையையும் நீட்டினாள். கோமளம் டப்பாவைக் காம்பவுண்டுச் சுவர்மேல், பால் பாக்கெட் வைக்கிற இடத்தில் வைத்தாள்.

"அங்கேயே நில்லு. நான் உள்ள போனப்புறம் எடுத்துக்கோ."

"கோமளம்!"

கோமளம் கதவைச் சாத்திக்கொண்டாள். மனசு கொஞ்சம் ஆறியது போலத்தான் இருந்தது.

சனிக்கிழமை விடிந்தது. ஆராவமுதன் கோயிலுக்குப் போய் டிரம்மை நிரப்பிவிட்டு, குழாயில் ஜனங்கள் ஆளுக்கொரு கப் பிடித்துக் குடிப்பதைப் பார்க்க நிற்காமல் வீட்டுக்கு வந்தார். வீட்டுப் பெருமாளுக்குத் திருவாராதனம் செய்தார். தினமும் அது முடிந்ததும் கோமளத்தின் கையில் மூன்று தடவை தீர்த்தம் விடுவது கல்யாணம் ஆன மறுநாளிலிருந்து வழக்கம். கோயிலில் வட்டிலைக் கீழே வைத்த அந்த நாளுக்குப் பிறகு அவர் அதை விட்டுவிட்டார். கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அவள் வந்து எடுத்துக்கொள்வாள்.

நேற்று பேசினாரே என்ற நினைப்பில் கோமளம் தலைக்குக் குளித்து, மடிப்புடவை கட்டி, எதிரில் வந்து குனிந்து நின்றாள். இடது கையால் புடவைத் தலைப்பைத் தாங்கி, வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள். ஆராவமுதன் உத்தரணியை எடுத்தார். அந்தக் கையைப் பார்த்தார்.

"என்னால முடியலை, கோமளம்," என்றார்.

உத்தரணியைக் கிண்ணத்துக்குள் போட்டு, கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

கோமளம் நீட்டின கையோடு உட்கார்ந்தாள். இடது கையால் உத்தரணியை எடுத்துத் தன் கையில் தானே ஊற்றிக்கொண்டாள். பாதி வெளியே சிந்திவிட்டது. கோயில் பக்கமிருந்து, ஒருத்தர் ஒருத்தராக வாங்க என்று சிவராம் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.